பொலிக்ஸேனியின் துண்டு

இந்த வருடம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. எங்கள் தீவில் டிசம்பர் மாதத்தில் இப்படி நாள் எண்ணுகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ஓய்வு பெறப்போகிற சுங்க அதிகாரிகளும்தான். நான் மருந்துக்கடைக்காரன். ஊர்ப் பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்து வாரப் பத்திரிகையில் ஒரு பத்தியும் எழுதுகிறேன். நாள் எண்ணுகிற பழக்கம் எனக்குப் புதிது.

எல்லாம் ஒரு கேக்கில் ஆரம்பித்தது. இந்த நாட்டில் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு சங்கம், சங்கம் என்று ஒன்று இருந்தால் அது புத்தாண்டு கேக் வெட்டியே ஆக வேண்டும். கால்பந்து கிளப் வெட்டும், தீயணைப்பு நிலையம் வெட்டும், வருமான வரி அலுவலகம்கூட வெட்டும். எல்லாரும் முறை வைத்து வெட்டி முடிப்பதற்குள் மார்ச் வந்துவிடும். கேக்குக்குள் ஒரு நாணயம் ஒளிந்திருக்கும். தலைவர் கத்தியைப் பிடித்து, முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, அடுத்தது அவருடைய தாயாருக்கு, அடுத்தது வீட்டுக்கு என்று வாய்விட்டுச் சொல்லி வெட்டுவார். பிறகு ஆட்கள். எந்தப் பெயரைச் சொல்லி வெட்டினாரோ அந்தத் துண்டு அந்தப் பெயருக்குச் சொந்தம். அதில் நாணயம் இருந்தால் அந்த வருடத்து அதிர்ஷ்டமும் அந்தப் பெயருக்கே.

எங்கள் பண்பாட்டுக் கழகத்தின் கேக்கைச் சுடுகிறவள் என் மனைவி பொலிக்ஸேனி. அதில் வந்த அதிர்ஷ்டம் சற்று வேறு மாதிரியானது. முதல் வருடம் நாணயம் நோட்டரி அனர்கிரோஸுக்கு வந்தது. மே மாதம் போய்ச் சேர்ந்தார். அவருக்கு எண்பத்தாறு வயது. யாரும் எதையும் முடிச்சுப் போடவில்லை. இரண்டாம் வருடம் படகு மெக்கானிக் வாங்கெலிஸ். அக்டோபரில் தன் வீட்டு எலுமிச்சை மரத்தில் சாத்திய நான்கு படி ஏணியிலிருந்து விழுந்தார். நான்கே படி. மூன்றாம் வருடம் பல் டாக்டர் கலிரோயி, முப்பத்தோரு வயது. டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி மதியம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுச் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சான்றிதழில் ஒரு நீளமான சொல் எழுதினார். எனக்கும் அந்தச் சொல் தெரியும். காரணம் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம்.

கழகத்துக்குத் தலைவர் திராசிவூலோஸ். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுபத்திரண்டு வயது, நடக்கும்போதுகூட முன்னுரை வாசிப்பதுபோல் நடப்பார். செவ்வாய்க்கிழமை மாலைகளில் "அன்றாட வாழ்வுக்குப் புராணம் தரும் பாடங்கள்" என்று தொடர் சொற்பொழிவு ஆற்றுவார். சிசிபஸ் ஒரே பாறையை ஓயாமல் மலைமேல் உருட்டியதிலிருந்து பாத்திரம் கழுவுவதற்கு ஒரு பாடம். இகாரஸ் அளவுக்கு மீறி உயரப் பறந்து கடலில் விழுந்ததிலிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களுக்கு ஒரு பாடம். அவருக்கு மிகவும் பிடித்தவர் அக்ரிசியோஸ் என்ற ராஜா. பேரன் கையால் சாவு என்று குறி சொன்னதைக் கேட்டு ஊர் ஊராக ஓடிய அந்த ராஜா, எங்கோ ஓர் ஊரில் விளையாட்டுப் போட்டி பார்க்கப் போய் உட்கார்ந்தார். பேரன் வீசிய வட்டு காற்றில் திரும்பி நேரே அவர் மேல் வந்து விழுந்தது.

"ஆகவே நண்பர்களே," என்று திராசிவூலோஸ் கண்ணாடியைக் கழற்றுவார், "விதி வரும்போது எழுந்து நின்று வரவேற்பதே மனிதனுக்கு அழகு."

கலிரோயியை அடக்கம் செய்த அடுத்த வாரமும் இதையே சொன்னார். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தனக்கு வராத விதியை எழுந்து நின்று வரவேற்பது உடம்புக்கு நல்ல பயிற்சி என்று என் பத்தியில் எழுதினேன். அவர் இரண்டு நாள் என் கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, வந்தார்.

இந்த ஜனவரியில், கேக் வெட்டுவதற்கு முந்தின நாள் காலை, பொலிக்ஸேனி ஆரஞ்சுத் தோல் துருவிக்கொண்டே சொன்னாள்.

"இந்தத் தடவ நாணயம் வைக்கப்போறதில்ல."

"கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?"

"எப்படி? கிறிஸ்து துண்டு, மாதா துண்டு, வீட்டுத் துண்டுன்னு மூணையும் யாரும் தொடறதில்ல. அதுல இருக்கும்னு நெனச்சுட்டுப் போறாங்க."

"மூணும் தற்செயல், பொலிக்ஸேனி. வருஷத்துக்கு நாப்பது பேர் சாகற ஊர் இது. மருந்து விக்கறவனுக்குத் தெரியாதா?"

"நீ மருந்து விக்கற. நான் நாணயம் வைக்கறேன். அந்த மூணையும் மாவுக்குள்ள அமுக்கினது இந்த வெரலு." விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஆரஞ்சு வாசனை அடித்தது. "நாலாவது ஆளையும் நானே வைக்கணுமா?"

ஒரு யூரோ நாணயத்தை எப்போதும்போல ஈயத்தாளில் சுற்றி, என் கண் எதிரிலேயே மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள். எனக்கு உள்ளூர ஒரு குஷி. மறுநாள் மண்டபத்தில் திராசிவூலோஸுக்கு வேர்க்கப்போவதை எந்தப் பயமும் இல்லாமல் உட்கார்ந்து ரசிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. இந்த மாதிரிக் கதையில் மனிதர் ஆயுளை நூலாக நூற்கிற மூன்று கிழவிகள் மூலையில் இருந்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு: இல்லை. கிழவிகள் பதினேழு பேர் இருந்தார்கள், எல்லாரும் ஹீட்டர் பக்கத்தில். கழகச் செயலாளர் என்ற முறையில் துண்டுகளைத் தட்டில் வைத்துப் பரிமாறுவது என் வேலை.

திராசிவூலோஸ் கால் மணி நேரம் பேசினார். பிறகு கேக் மேல் கத்தியால் மூன்று முறை சிலுவை போட்டார். கிறிஸ்துவுக்கு. மாதாவுக்கு. வீட்டுக்கு. அடுத்து வழக்கப்படி தலைவர்.

"திராசிவூலோஸ்," என்று தன் பெயரைத் தானே கம்பீரமாகச் சொல்லிக் கத்தியை இறக்கினார்.

பாதியில் கத்தி நின்றது. கறுக் என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் ஒன்றுமில்லை. அவருக்கும், பக்கத்தில் தட்டோடு நின்ற எனக்கும் மட்டும் கேட்டது. உலோகத்தில் உலோகம் பட்ட சத்தம். இழுப்பறையில் கிடக்கிற நாணயத்தை நினைத்தேன். என் முதுகுத்தண்டில் யாரோ ஈரத்துணியால் மெல்லத் துடைத்ததுபோல் இருந்தது.

அவர் முகம் மாறவில்லை. முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்த முகம் அது. கத்தியை மட்டும் மேலே எடுத்து, இரண்டு விரல் அளவு தன் பக்கமாக நகர்த்தி, மறுபடி இறக்கினார். எப்போதும் பெரிய துண்டாக எடுத்துக்கொள்கிற மனிதருக்கு அன்று கிடைத்தது புத்தகத்துக்குள் அடையாளம் வைக்கிற அளவுக்கு ஒரு கீற்று. சத்தம் வந்த இடம் அடுத்த துண்டுக்குப் போய்விட்டது. அடுத்தது யாருக்கு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலைவருக்குப் பிறகு கேக் சுட்டவர்.

"பொலிக்ஸேனி," என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டே.

அந்தத் துண்டு என் தட்டுக்கு வந்தது. வெட்டுப்பட்ட பக்கத்தில் கறுப்பாய் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. விதி, தற்செயல் இரண்டையும் பற்றி நான் இருபது வருடம் எழுதிய நையாண்டி எல்லாம் அப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இரண்டு தட்டையும் கையில் வைத்திருந்தேன். கீற்றைப் பொலிக்ஸேனி முன்னால் வைத்தேன். அவளுடைய துண்டைத் தலைவர் முன்னால் வைத்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன்.

எல்லாரும் மெதுவாக, மீன் முள் எடுக்கிறவர்கள்போல நாக்கால் தடவித் தடவிச் சாப்பிட்டார்கள். திராசிவூலோஸ் மட்டும் நிம்மதியாகப் பெரிய வாயாகக் கடித்தார். பிறகு மெல்லுவதை நிறுத்தினார். வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, நாக்குக்கு அடியிலிருந்து அதை எடுத்தார். செத்தவர்கள் வாயில், மறு உலகத்துக்கு ஏற்றிப்போகும் படகுக்காரனுக்குக் கூலியாக, பழங்காலத்தில் நாணயம் வைப்பார்கள் என்பதையும் எங்கே வைப்பார்கள் என்பதையும் போன பிப்ரவரியில் அவர்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"தலைவருக்கு நீண்ட ஆயுசு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பாதி மண்டபம் கண்ணேறு படாமல் இருக்க, ப்து, ப்து, ப்து என்று மார்பில் துப்பிக்கொண்டது.

எழுந்து நின்று வரவேற்பார் என்று எல்லாரும் பார்த்தோம். அவர் எழுந்திருக்கவில்லை. தன் தட்டையும், தான் வெட்டிய கேக்கையும், தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். தான் நகர்த்தி அனுப்பியது தன் வாய்க்கே எப்படித் திரும்பி வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது, எனக்கு அது பிடித்திருந்தது.

நாணயம் ஈயத்தாள் சுற்றாதது. கறுத்து, மெலிந்து, இரண்டு பக்கமும் தேய்ந்து, எந்த ராஜாவின் முகமும் இல்லாதது. ஹீட்டர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் இருந்த கேக்கிலிருந்து வந்த பொருள், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சில்லென்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பொலிக்ஸேனி கோட்டைக்கூடக் கழற்றாமல் இழுப்பறையைத் திறந்தாள். யூரோ ஈயத்தாளோடு அங்கேயே இருந்தது.

"யாராவது அடியில இருந்து சொருகியிருப்பாங்க," என்றேன். "வேடிக்கைக்கு."

"யாரு?"

இன்று வரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சொற்பொழிவு நடக்கவில்லை, அதற்கடுத்த செவ்வாயும். மாதக் கடைசியில் திராசிவூலோஸை மீன் சந்தையில் பார்த்தேன். ஈரத்தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அனுப்பாமல் கிழித்தேன். துண்டை மாற்றியவன் நான். அந்த ஆள் விழுந்தால் தள்ளியது நான்.

இப்படித்தான் ஊரிலேயே எனக்குப் பிடிக்காத மனிதருக்கு நான் மெய்க்காவலன் ஆனேன். தினமும் காலையில் போய் இரத்த அழுத்தம் பார்ப்பேன். அவர் வீட்டு ஏணியை இரவல் கேட்டு வாங்கிவந்து திருப்பித் தராமல் வைத்துக்கொண்டேன். எரிவாயுக் குழாயை மாற்றினேன். ஜூனில் பள்ளி விளையாட்டு விழாவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். அவர் கேட்ட ஒரே கேள்வி வட்டு எறிதல் உண்டா என்பது. உண்டு என்றார்கள். தனக்கு அன்று காய்ச்சல் என்று சொல்லிவிடும்படி என்னிடம் சொன்னார்.

"என்ன மருந்துக்காரரே, உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் எப்போ?" என்று காப்பிக் கடையில் கேட்டார்கள்.

பொலிக்ஸேனி ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருடம் நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தது குறைவு. அவள் தனியாகக் கடலில் நீந்தப் போனாள், தனியாக ஆலிவ் பறித்தாள், கூரை ஓடு மாற்றத் தானே ஏறினாள்.

அந்த நாணயத்தை அவர் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். அதன் அடியில் மரம் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று ஒருமுறை காட்டினார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

நவம்பர் கடைசி வாரம், என் கடையில் இரத்த அழுத்தம் பார்க்க அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது பேச ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அடிக்கறதா இருந்தா பட்டையக் கழட்டிட்டு அடிங்க."

"சொல்லுங்க தலைவரே."

"கத்தி என் துண்டுலதான் பட்டுது. நான் நகத்தினேன். நகத்திட்டு உங்க வீட்டம்மா பேரச் சொன்னேன்." கண்ணாடியைக் கழற்றினார், இந்த முறை பேச்சுக்காக இல்லை. "அது என் வாய்க்கே வந்துது. மொத மாசம் நடுங்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒரு நாள் காலையில தோணிச்சு, நல்லவேளை, அந்தப் பொண்ணுக்குப் போகலன்னு. அதுக்கப்புறம் பயம் கொறஞ்சுபோச்சு. அம்பது வருஷம் பாடம் நடத்தினேன். அந்த ஒரு காலையிலதான் எனக்கே புரிஞ்சுது."

இவ்வளவு பெரிய மனிதராக ஆகிவிட்டவரிடம் பொய்யோடு நிற்க முடியவில்லை. தட்டை மாற்றியதைச் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பரீட்சைத் தாளில் தப்பு கண்டுபிடித்த ஆசிரியர்போல நெற்றியைச் சுருக்கினார்.

"அப்போ நான் சாப்பிட்டது எந்தத் துண்டு?"

"நாணயம் இருந்த துண்டு."

"அது கேக்கல. எந்தப் பேர் சொல்லி வெட்டின துண்டு?"

பட்டையில் காற்று தானாக இறங்கிற்று. இந்த ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும்: அப்பா தன் துண்டைக் குழந்தைக்கு ஊட்டினாலும் நாணயம் அப்பாவுடையதுதான். வாய் யாருடையது என்பது கணக்கில்லை, பெயர்தான் கணக்கு. பதினொரு மாதம் நான் தப்பான ஆளைக் காவல் காத்திருக்கிறேன்.

கடையைப் பூட்டக்கூட இல்லை. இரண்டு பேரும் படியேறி வீட்டுக்குப் போனோம். கதவு திறந்திருந்தது. பொலிக்ஸேனியைக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். கொல்லைப்புறத்திலிருந்து உப்புப் போட்ட ஆலிவ் ஜாடியோடு வந்தாள்.

"எதுக்கு ரெண்டு பேரும் இப்படி மூச்சு வாங்கறீங்க? யாரு போயிட்டாங்க?"

சொன்னோம். ஜாடியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்தாள்.

"தெரியும்," என்றாள். "எனக்குத் தட்டுல ஒரு கீத்து வந்துது. இந்த ஆளு எந்த வருஷம் எனக்கு அவ்வளவு சின்னதா வெட்டியிருக்காரு? தட்டு மாறியிருக்குன்னு அப்பவே புரிஞ்சுது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? இவரச் சுத்தின மாதிரி என்னையும் சுத்தியிருப்ப. ஒரு வருஷமாவது நிம்மதியா நீந்தலாம்னுதான்."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த திராசிவூலோஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் குரலில் மண்டபத்துத் தோரணை இல்லை.

"அம்மா, இன்னொரு கேக் சுடுங்க. கத்தி என் கையில இருந்துது. நான் தப்பா வெட்டினேன். மறுபடி வெட்டறேன்."

"நவம்பர்லயா?"

"நவம்பர்லதான்."

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு, சமையலறையில் நாங்கள் மூன்று பேர். கருவாடு விற்கிறவன் தெருவில் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனான். அவர் நாணயத்தைக் கைக்குட்டையில் கொண்டுவந்தார், கைக்குட்டை நனைந்திருந்தது. பொலிக்ஸேனி எங்கள் முன்னாலேயே அதைக் கேக்கின் அடியிலிருந்து உள்ளே அமுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு தட்டைப் பலமுறை சுற்றிவிட்டேன்.

மூன்று சிலுவை. கிறிஸ்துவுக்கு. மாதாவுக்கு. வீட்டுக்கு. "திராசிவூலோஸ்," என்று சொல்லிக் கேக்கில் பாதியை ஒரே துண்டாக வெட்டினார். மிச்சத்தை எங்கள் இரண்டு பேருக்கும் கீற்றுக் கீற்றாக. பேராசை பிடித்தவர் என்று நான் நாலு பத்தி எழுதிய மனிதர்.

கத்தி எங்கேயும் தட்டவில்லை. அவருடைய துண்டைப் பிட்டோம். ஒன்றும் இல்லை. என் கீற்று, அவள் கீற்று, ஒன்றும் இல்லை. வீட்டுத் துண்டையும் மாதா துண்டையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உதிர்த்தோம். மேசை முழுக்க மஞ்சள் தூள். அவர் கிறிஸ்துவின் துண்டுக்குக் கையை நீட்டினார். பொலிக்ஸேனி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அத விடுங்க. அங்கதான் இருக்கும். அவரு ஏற்கெனவே ஒரு தடவ போயிட்டு வந்தவரு. அவருக்குப் பழக்கம்."

திராசிவூலோஸ் முதலில் சிலுவை போட்டுக்கொண்டார், பிறகு சிரித்தார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். அந்தத் துண்டைச் சாமி படத்தடியில் வைத்தோம். அவர் சுவரைப் பிடிக்காமல் படியிறங்கிப் போனார்.

மறுநாள் விடிந்ததும் பொலிக்ஸேனிக்கு முன்னால் எழுந்தேன். நம்பிக்கை இருக்கிறவன் பார்க்காமல் விட்டிருப்பான். துண்டை எடுத்து நடுவில் பிட்டேன். உள்ளே ஒரு நாணயம் படுத்திருந்த அளவுக்கு வட்டமாக, தட்டையாக, ஈரமாக ஒரு குழி இருந்தது. நாணயம் இல்லை. தரையிலும் இல்லை, தட்டிலும் இல்லை, படத்துக்குப் பின்னாலும் இல்லை. தூளை எல்லாம் கூட்டி ஜன்னல் வழியாகக் குருவிகளுக்குப் போட்டேன்.

திரும்பினால் அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"இருந்துச்சா?"

"இருந்தது," என்றேன். "எடுத்துட்டுப் போய்க் கடல்ல போட்டுட்டேன்."

என் காலைப் பார்த்தாள். "வீட்டுச் செருப்போடயா?"

"ஆமா."

அடுப்பைப் பற்றவைத்து, செம்பில் காப்பிப் பொடியும் சர்க்கரையும் போட்டு, நுரை எழும்புகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கோப்பையில் ஊற்றினாள்.

"நல்லது," என்றாள். "உக்காரு. இன்னிக்குக் கடைக்கு லேட்டா போ."